பித்தளைப் பம்பு ஸ்டவ்: கொங்கு நாட்டில் புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு

கையில் எடுத்துப் போகக்கூடிய பழைய பித்தளை ஸ்டவ்களைச் சேர்க்கவும், அவற்றில் சமைக்கவும் ஆசைப்படுபவர்களுக்கு இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ஸ்டவ் கிடைக்கும் வீடுகளும் இங்கேயே, அதைச் சரி செய்யும் கைகளும் இங்கேயே. வேறு ஊர்க்காரர்கள் ஒரு வாஷருக்காகப் பார்சலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாம் லேத் பட்டறைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். நம் வீடுகளில் பம்பு ஸ்டவ் என்று சொன்னது எல்லாமே ஒரு சுவீடன் நாட்டு அடுப்பின் வழி வந்தவை. 1892 வாக்கில் ஸ்டாக்ஹோமில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர் கரி பிடிக்காத மண்ணெண்ணெய் அடுப்பை உருவாக்கினார். அதுதான் பிரைமஸ். 1911இல் தென் துருவத்தை எட்டிய அமுண்ட்சன் குழுவும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் பனியை உருக்கிக் குடித்தது இந்த வகை அடுப்பில்தான். ஆப்டிமஸ், ராடியஸ், ஸ்வியா எல்லாம் சுவீடன் பெயர்கள். இங்கிலாந்தில் வேலர், மானிட்டர், போர்ச்சுகலில் ஹிபோலிட்டோ. இந்தியாவில் பல ஊர்ப் பட்டறைகள் அதே அமைப்பைப் பித்தளையில் அடித்து விற்றன. அட்டாலியில் பாட்டி காலத்து ஸ்டவ் ஒன்று கிடந்தால் பெரும்பாலும் அது இந்த இந்திய வகையாகத்தான் இருக்கும். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். பழகுவதற்கு அதைவிட நல்ல ஸ்டவ் கிடையாது.

வேலை செய்யும் விதம் எளிது. டேங்க்கில் மண்ணெண்ணெய். பம்பு அடித்தால் காற்று உள்ளே போய் எண்ணெயை நடுக்குழாய் வழியே மேலே தள்ளும். பர்னர் சூடாக இருந்தால் எண்ணெய் அங்கே ஆவியாகி, நிப்பிளின் ஊசிமுனை ஓட்டை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். பர்னர் ஆறிக் கிடந்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி மஞ்சள் தீயாக எழும்பும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். திரி ஸ்டவ் வேறு ஜாதி. நூதன் மாதிரி ஸ்டவ்களில் பம்பும் இல்லை, அழுத்தமும் இல்லை. அதை இங்கே சேர்க்கவில்லை.

பெட்ரோலில் எரியும் சிறு ஸ்டவ்களும் கண்ணில் படும். 1955இல் வந்த ஸ்வியா 123, இரும்புப் பெட்டிக்குள் மடங்கும் ஆப்டிமஸ் 8ஆர் போன்றவை. பார்க்க அழகு, தூக்கிப் போக சுலபம். ஆனால் தன் சூட்டிலேயே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் ஸ்டவ் அது. டேங்க் அளவுக்கு மீறிச் சூடானால் மூடியில் உள்ள வால்வு திறந்து தீ நாக்கு வெளியே வரும். அதற்கென்று இருந்த சுத்தமான வெள்ளைப் பெட்ரோல் நமக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய வாஷர்களுக்கு ஆகாது. வாங்கினால் அலமாரியில் வையுங்கள். எரிப்பதை மண்ணெண்ணெய் ஸ்டவ்விலேயே தொடங்குங்கள்.

எங்கே தேடுவது

சொந்தக்காரர் வீட்டு அட்டாலி, தோட்டத்துச் சாளை, மூடிப்போன டீக்கடை, இதுதான் என் வரிசை. அதற்கு அப்புறம் பழைய பாத்திரம் எடைக்கு எடுக்கும் கடைகள், கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகள். எடைக்கு வந்த ஸ்டவ்வை எடைக்கே கேளுங்கள். "ஏனுங்கண்ணா, இந்த ஸ்டவ் உருக்கத்தானுங்க போகுது, பித்தளை விலைக்கே குடுத்தர்றீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அதே ஸ்டவ்வைப் பளபளவென்று தேய்த்து 'ஆன்டிக்' என்று எழுதி வைத்த கடையில் பல மடங்கு சொல்வார்கள். இணையத்தில் விற்பதில் புதிதாக அடித்துப் பழசு போலக் கறுப்பேற்றியவையும் உண்டு. எழுத்துகள் மழுங்கிக் கோணலாக இருந்தால், சுவீடனில் செய்தது என்று பொறித்திருந்தாலும் நம்பாதீர்கள்.

டேங்க் நன்றாக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். என்னுடைய கணக்கு அவ்வளவுதான். காலில்லை, மூடியில்லை, பம்பு இறுகிக் கிடக்கிறது, பர்னர் கரி பிடித்திருக்கிறது என்பதெல்லாம் சரி செய்யக்கூடியவை. டேங்க்கில் விரிசல், அமுங்கிய மடிப்பு, கண்டபடி ஈயம் வைத்து அடைத்த இடம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அடிப்பகுதி புடைத்திருந்தால் என்றைக்கோ அளவுக்கு மீறி அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் வேண்டாம்.

விரிசலைப் பற்றி நம் பக்கத்துக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டன. அவற்றைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் கண்டுபிடித்தார்கள். அடித்து வளைத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த இடம் முடிபோலக் கீறும். நம் ஸ்டவ்களில் எத்தனையோ மாட்டுக் கட்டுத்தரை பரணில்தான் கிடந்திருக்கின்றன. ஆகவே கட்டுத்தரையிலிருந்து வந்த ஸ்டவ்வை வெயிலில் சாய்த்துப் பிடித்து, டேங்க்கின் தோள் வளைவையும் அடி மடிப்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். அம்மோனியா கலந்த பாலிஷும் போடாதீர்கள்.

பிரித்துக் கழுவுவது

பர்னர், நிப்பிள், பம்புத் தண்டு, மூடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். இறுகியிருந்தால் மல்லுக்கட்டாமல் மரையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். டேங்க்கைத் தீயில் காட்டித் தளர்த்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. கூடவே கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி இருக்கும், தையலில் ஈயப் பற்று இருக்கும்.

வெளிப்பக்கத்துக்குப் புளியும் உப்பும் போதும். குத்துவிளக்குத் தேய்க்கிற அதே முறை. தேய்த்த உடனே நிறையத் தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். பர்னரின் உட்கரிக்கு, வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிடலாம். மணிக்கணக்கில் புளிப்பில் கிடந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேல்பக்கம் செம்பு போலச் சிவக்கும். அந்த நிறம் வந்தால் ஊற வைத்தது அதிகம். மோட்டார் பஃப் வைத்துக் கண்ணாடி போல மின்னவைப்பது எனக்குப் பிடிக்காது. பொறித்த எழுத்து தேயும், தகடு மெலியும், அந்த ஸ்டவ் எங்கே இருந்தது, எப்படி உழைத்தது என்பதற்கான தடமும் போய்விடும்.

ஸ்டவ்வில் ஸ்பிண்டில், அதாவது தீயைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் தண்டு இருந்து, அதில் பழைய நார் போன்ற பேக்கிங் இருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாமல், நனைத்து எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

வாஷர்கள்

ஸ்டவ்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பம்புத் தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். பல வருஷம் சும்மா கிடந்தால் அது பனையோலை போலக் காய்ந்து சுருங்கி, பம்பு அடித்தால் காற்றே ஏறாது. உடனே தூக்கி எறிய வேண்டாம். விளக்கெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து, விரலால் விளிம்பை மெல்ல விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏற்காட்டிலோ வால்பாறையிலோ மார்கழிக் காலையில் பம்பு நகராது. தோல் கிழிந்திருந்தால் சைக்கிள் பம்பு வாஷர் சில ஸ்டவ்களுக்குப் பொருந்தும். இல்லையென்றால் செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் துண்டு வாங்கி, தண்ணீரில் நனைத்து, பம்புக் குழாயைவிடச் சற்றே சிறிய உருளையின் மேல் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் கிண்ண வடிவம் வந்துவிடும்.

பம்புக் குழாயின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. காற்றை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. பம்புக் கைப்பிடி தானாக மேலே எழும்பினால், அல்லது பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் வந்தால், இந்த வால்வு ஒழுகுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஸ்டவ்வைப் பற்றவே வைக்கக் கூடாது. அதைக் கழற்ற நீளமான தனிச் சாவி வேண்டும். கடையில் தேடி அலையாதீர்கள். கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் ஒரு கம்பியின் நுனியில் பள்ளம் வெட்டித் தந்துவிடுவார்கள். வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் மிளகளவு ரப்பர்த் துண்டும் இருக்கும். மாற்ற வேண்டியது அந்த ரப்பரைத்தான்.

ரப்பர் என்றதும் சைக்கிள் டியூபை வெட்டாதீர்கள். மண்ணெண்ணெயில் அது ஊறி உப்பிக் கொழகொழத்துப் போகும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். மோட்டார் பம்பு செய்கிற ஊர் இது, ஓ-ரிங், சீல் விற்கும் கடைகளில் தாள் தாளாகவே கிடைக்கும். மூடிக்கும் அதே நைட்ரைல்தான். பர்னர் டேங்க்கோடு சேரும் இடத்தில் பழைய ஈய வாஷர் இருக்கும். கழற்றியபின் அதைத் திரும்பப் போடாமல் புதிதாக ஒன்று போடுங்கள்.

நிப்பிள் விஷயத்தில் மட்டும் லேத்காரரை நம்பிப் பயனில்லை. அதன் ஓட்டை சுமார் 0.3 மில்லிமீட்டர்தான், சாதாரண லேத்தில் அதைத் துளைக்க முடியாது. கோவை டவுன் ஹால் மாதிரிப் பழைய கடைவீதிகளிலும், சிற்றூர்களின் பழைய ஹார்டுவேர் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். நிப்பிள் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்யும் ஸ்டவ் பின் கிடைத்தால் கையோடு நிறைய வாங்கி வையுங்கள். தடித்த ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். அப்புறம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீயின் நுனி மஞ்சளாகவே நிற்கும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். அந்த நிப்பிளை மாற்றத்தான் வேண்டும்.

மூடி, கால், சட்டம் உடைந்திருந்தால் திருப்பூர் அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளில் கேளுங்கள். பித்தளையிலேயே வளர்ந்த கைகள் அவை. டேங்க்கின் தையலை ஒட்டும் வேலையை மட்டும் அவர்களிடமும் கொடுக்காதீர்கள். குடத்தில் தண்ணீர் நிற்பதும் டேங்க்கில் அழுத்தம் நிற்பதும் வேறு வேறு.

தீ வைப்பதற்கு முன் தண்ணீர்

எண்ணெய் ஊற்றாமல் முதலில் காற்றைச் சோதியுங்கள். பர்னரைக் கழற்றி, அந்த இடத்தில் லேத்தில் கடைந்த ஒரு டம்மி மூடியைப் போட்டு இறுக்குங்கள். காற்றுத் திருகை (டேங்க்கின் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) மூடி, பத்துப் பதினைந்து முறை பம்பு அடித்து, ஸ்டவ்வை வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். எங்கிருந்து குமிழி வருகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். மூடியில் வந்தால் வாஷர், பம்பில் வந்தால் அடி வால்வு. டேங்க்கின் உடம்பிலிருந்து ஒரே ஒரு குமிழி வந்தாலும் அந்த ஸ்டவ் இனிமேல் அலமாரிக்குத்தான். பர்னரை மாட்டிய பிறகு அதன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி மறுபடியும் பாருங்கள். உள்ளே போன தண்ணீரை வெயிலில் காயவிட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 'ஸ்டவ் வெடித்து' என்று தொடங்கும் செய்திகளை நம் அம்மாக்கள் தலைமுறை நிறையக் கேட்டிருக்கிறது. பெட்ரோல் கலந்த எண்ணெய், அடைத்த நிப்பிளோடு மேலும் மேலும் பம்பு அடிப்பது, எரிந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது, ஒழுகும் இணைப்பு, மேலே நைலான் துணி. இவைதான் உயிர் எடுத்தவை. ஒவ்வொன்றும் தவிர்க்கக் கூடியது. பருத்தித் துணி உடுத்துங்கள், முந்தானையோ துண்டோ தொங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு ஈரச் சாக்கும் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எரிபொருளுக்கு ரேஷன் நீல மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள், அது தேவைப்படுகிறவர்களுக்கானது. மானியமில்லாத வெள்ளை மண்ணெண்ணெய் விற்கும் வியாபாரியைத் தேடிப்பிடியுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினால் பாதி நிப்பிள் தொல்லை குறையும். பெட்ரோல், தின்னர் எதுவும் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. பர்னரைச் சூடாக்க ஸ்பிரிட் நல்லது. அது கிடைக்காவிட்டால் நம் வீடுகளில் செய்த மாதிரி மண்ணெண்ணெயில் நனைத்த துணித் திரியைப் பர்னருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் சுற்றிவைத்துப் பற்றவைக்கலாம், கொஞ்சம் கரி பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். அதிலுள்ள மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும்.

பற்றவைத்தல்

வெட்டவெளியில், சமதளமான தரையில் வையுங்கள். டேங்க்கில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். சிந்தியதைத் துடைத்து, எண்ணெய்க் கேனைத் தள்ளி வையுங்கள். காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும். மூடியிருந்தால் சூட்டில் விரியும் காற்று எண்ணெயை முன்கூட்டியே மேலே தள்ளிவிடும். ஸ்பிரிட் கிண்ணத்தை நிரப்பிப் பற்றவையுங்கள். அவசரம் வேண்டாம், அது எரிந்து முடியப் போகும் வரை காத்திருங்கள்.

கிண்ணத்துத் தீ அணையும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி, இரண்டு மூன்று முறை மட்டும் பம்பு அடியுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு பர்னர் மூடியைச் சுற்றி நீலப் பூ விரிய வேண்டும். ஒரு நிமிடம் விட்டு, இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி அடித்தால் முழு உறுமல் வரும். மஞ்சள் தீ எழும்பினால் பதற வேண்டாம். கையை மேலே நீட்டாமல் பக்கவாட்டிலிருந்து காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள், தீ தானே படுத்துவிடும். நன்றாக ஆறியபின் முதலிலிருந்து சூடாக்குங்கள். அணைப்பதற்கும் அதே திருகுதான், ஊதி அணைக்காதீர்கள்.

சமைப்பது

தீ நடுவில் குவிந்து அடிப்பதால் மெல்லிய பாத்திரத்தில் அடி பிடிக்கும். அடி கனமான போசியோ சின்னக் குக்கரோ நல்லது. ஸ்பிண்டில் இல்லாத ஸ்டவ்வில் தீயைச் சிம்மில் வைக்க வழி கிடையாது. காற்றுத் திருகை ஒரு நொடி திறந்து மூடிக் கொஞ்சம் குறைக்கலாம். ஆகவே சீக்கிரம் முடிகிற சமையலாகப் பாருங்கள். அரிசிம்பருப்புச் சாதம் இதற்கென்றே பிறந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மிளகு தாளித்து, தக்காளி வதக்கி, அரிசியும் அதில் கால் பங்கு துவரம்பருப்பும் போட்டுக் குக்கரில் மூன்று விசில் விட்டால் காற்றுத் திருகைத் திறந்துவிடலாம், மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். மேலே நெய்.

ஆடிக் காற்றில் வெளியே பற்றவைத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தீயை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். தகர மறைப்பு காற்று வரும் பக்கம் மட்டும் போதும். நாலு பக்கமும் அடைத்தால் டேங்க் சூடேறும். அவ்வப்போது டேங்க்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிடுங்கள். டென்ட்டுக்குள்ளும் சாத்திய அறையிலும் எரிக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எங்கே கொண்டு போவது? சொந்தத் தோட்டம், நண்பர் வீட்டுக் களம், அனுமதி தரும் எஸ்டேட் முற்றம். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் மற்றக் காப்புக் காடுகளிலும் தீ மூட்டுவது குற்றம், ஸ்டவ்வும் தீதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன உயிர்களை நாம் மறக்கக் கூடாது. வெள்ளியங்கிரி ஏறும்போதும் ஸ்டவ் வீட்டிலேயே இருக்கட்டும்.

எடுத்து வைப்பது

ஆறியபின் எண்ணெயைக் கொட்டி, காற்றுத் திருகைத் திறந்தே வைத்து, பம்புத் தோலில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு வையுங்கள். மாதம் ஒருமுறையாவது பற்றவையுங்கள். எரிகிற ஸ்டவ்வில் வாஷர் காயாது, நிப்பிளும் அடைக்காது.

முதல் ஸ்டவ் கைக்கு அடங்கிய பிறகு இரண்டாவதைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் வீட்டிலிருந்து வந்தது, என்ன மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். கொடுத்தவரிடமே கேட்டால் கதை கிடைக்கும்; தீபாவளிப் பலகாரம் சுட்டது, அடுப்படி கட்டும் முன் குடும்பமே இதில் சாப்பிட்டது என்று. பிரைமஸ் கிடைத்தால் டேங்க்கில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். அந்த ஆண்டுக் குறி 1911இல் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கியது, அதை வைத்து ஸ்டவ்வின் வயதைச் சொல்லிவிடலாம்.